பிஎஸ்5: டிஸ்க்கா, டிஜிட்டலா? ஒரு பத்தாயிரம் ரூபாய்க் கேள்வி

சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது அதற்கு இரண்டு விலை இருந்தது. டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் போட வழியே இல்லாத, கேமை இணையத்திலிருந்தே இறக்கும் டிஜிட்டல் மாடல் 39,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990, 44,990 என்று ஏறியது, 2024-ல் வந்த மெலிந்த ஸ்லிம் மாடலும் அதே விலைக்குத்தான் வந்தது. நடுவில் இருந்த பத்தாயிரம் மட்டும் அதுவரை அசையவில்லை. உள்ளே இருக்கும் சிப், வேகம், படத்தின் தரம் எல்லாம் ஒன்றுதான். இன்று கடையில் விலை மாறியிருக்கலாம், நாம் அந்தப் பத்தாயிரத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஆக, கடையில் நின்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு டிஸ்க் டிரைவுக்காகப் பத்தாயிரம் கொடுக்கலாமா, வேண்டாமா?

கொடுக்கலாம் என்பதே பெரும்பாலானவர்களுக்கு என் பதில். ஆனால் டிஸ்க் ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், அதாவது டிஸ்க் வாங்கினால் கேம் காலத்துக்கும் நமக்குச் சொந்தம் என்பது, எனக்குப் பாதிதான் ஏற்புடையது. டிஸ்க்கை நாம் திரும்ப விற்கலாம், அதை வாங்க நமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. பத்தாயிரத்துக்கு மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு

சோனியின் பெரிய கேம்கள் இங்கே பிஎஸ்5-க்கு 4,999 ரூபாய் என்ற விலையில் வந்தன. டிஜிட்டல் மாடல் வைத்திருந்தால் அந்தக் கேமை வாங்க ஒரே கடைதான்: கன்சோலுக்குள்ளேயே இருக்கும் பிளேஸ்டேஷன் ஸ்டோர். அவர்கள் வைத்ததுதான் விலை, அவர்கள் குறைத்தால்தான் தள்ளுபடி. டிஸ்க் என்றால் அமேசான், ஃப்ளிப்கார்ட், கேம்ஸ் தி ஷாப் என்று ஆன்லைனில் தேடலாம். சென்னைவாசி என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பர்மா பஜாரிலோ நேரில் போய்ப் பேரம் பேசலாம். பண்டிகைக்கால விற்பனையில் ஒரு கடை விலையைக் குறைத்தால் பக்கத்துக் கடையும் குறைத்தாக வேண்டும். ஸ்டோருக்கு அப்படி ஒரு நெருக்கடியும் கிடையாது.

அப்புறம் செகண்ட் ஹேண்ட். ஒரு கேமை 5,000 ரூபாய்க்குப் புதிதாக வாங்குகிறீர்கள், ஒரு மாதத்தில் கதையை முடித்துவிட்டு 3,000-க்குக் கொடுத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர், கேமுக்குக் கேம் இது மாறும், ஒரு கணக்குக்குத்தான் சொல்கிறேன். உங்கள் செலவு 2,000. அதையே டிஜிட்டலாக வாங்கியவருக்கு முழுசாக 5,000. ஒரு கேமுக்கு 3,000 மிச்சம் என்றால் நாலாவது கேமிலேயே அந்தப் பத்தாயிரம் திரும்பி வந்துவிடுகிறது. செகண்ட் ஹேண்டாகவே 2,500-க்கு வாங்கி 2,000-க்கு விற்கத் தெரிந்த ஆள் என்றால் சொல்லவே வேண்டாம், ஒரு பெரிய கேமை ஒரு பிரியாணிச் செலவில் விளையாடி முடித்துவிடுவார். நம் ஊரில் கன்சோல் வைத்திருக்கும் கல்லூரிப் பையன்கள் பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

விற்பதிலும் நேரம் பார்க்க வேண்டும். இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி, அதாவது முன்பு ஃபிஃபா என்று வந்துகொண்டிருந்த கால்பந்து கேம், வருடா வருடம் செப்டம்பர் வாக்கில் புதிதாக வருகிறது. புதியது வந்த வாரத்தோடு பழைய டிஸ்க்கின் விலை தரையில் கிடக்கும். விற்பதென்றால் கோடையிலேயே விற்றுவிட வேண்டும். ஒற்றை ஆளாகக் கதை விளையாடும் கேம்கள் இவ்வளவு வேகமாக விழுவதில்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் மாதத்துக்கு ஏதாவது ஒரு சேல் நடந்துகொண்டே இருக்கும். வந்து ஒன்றிரண்டு வருடம் ஆன கேம் பாதி விலைக்கும், சில சமயம் கால் விலைக்கும் வரும். கடையில் புது டிஸ்க் அந்த அளவு இறங்காது. பழைய கேம்களின் டிஸ்க்குகள் கடைகளில் இருப்பு தீர்ந்துபோய் விலை ஏறவும் செய்யும். வெளியான அன்றே விளையாடியாக வேண்டும் என்ற அரிப்பு இல்லாதவர், விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டு ஆறு மாதம் காத்திருக்கக்கூடியவர், டிஜிட்டலிலும் நஷ்டமில்லாமல் ஓட்டலாம். பொறுமை இருப்பவருக்கு டிஸ்க் டிரைவ் ஓரளவு தேவையில்லாத பொருள்தான்.

ஆனால் வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால்? கணினியில் ஸ்டீம் கடையில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு ஆரம்பித்துவிட்டால் பொதுவாகக் கதை முடிந்தது. ஒரு கேமை டவுன்லோடு செய்யாமலேயே அது பிடிக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். டிஸ்க் வாங்கியவர் ஆயிரம் ரூபாய் குறைத்து விற்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சொந்தம் என்பது எவ்வளவு தூரம்

டிஜிட்டலாக வாங்கும்போது நமக்குக் கிடைப்பது கேம் இல்லை, அதை விளையாட ஓர் அனுமதி. இது ஏதோ ரசிகர்களின் புலம்பல் இல்லை, சட்டமே பேச ஆரம்பித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, டிஜிட்டல் பொருள் விற்கும் கடை, நீங்கள் வாங்குவது உரிமம்தான் என்பதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதம் முன்பே ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் அந்த வரியைப் போட்டுவிட்டது. ஸ்டீம் கணக்கை உயில் எழுதிப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்றும் 2024-ல் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் டிஸ்க் அலமாரி மகனுக்கு வரும், அப்பாவின் அக்கவுண்ட் வராது. ஸ்டீமில் வாங்கியதை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. மேல்முறையீட்டில் 2022-ல் அதுவும் கவிழ்ந்தது.

கடையிலிருந்து கேம் காணாமல் போவதும் நடக்கிறது. சைலன்ட் ஹில் வரிசையில் வரவிருந்த ஒரு கேமுக்கு முன்னோட்டமாக 2014 ஆகஸ்டில் பி.டி. என்ற சின்னக் கேம் இலவசமாக வந்தது. அடுத்த ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், முன்பே டவுன்லோடு செய்தவர்கள்கூட மறுபடி இறக்க முடியாதபடி. அது ஏற்கெனவே ஏறியிருந்த பழைய பிஎஸ்4-களைச் சிலர் கொள்ளை விலைக்கு விற்றார்கள். ஃபோர்ஸா ஹொரைசன் 4 என்ற கார் பந்தயக் கேம் 2024 டிசம்பரில் கடைகளிலிருந்து போனது. காரணம், உள்ளே இருக்கும் கார்களுக்கும் பாட்டுகளுக்கும் போட்ட ஒப்பந்தங்களின் காலம் முடிந்தது. பாட்டு உரிமை காலாவதியானதால் ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ் என்ற பழைய கேம் ஸ்டீமில் 2014-ல் ஒரு அப்டேட் வாங்கியது, கார் ரேடியோவிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பறந்தன. பழைய டிஸ்க்கில் இன்றும் அவை ஒலிக்கின்றன.

பயமுறுத்துவதற்காக இதைப் பெரிதாக்கவும் வேண்டாம். கடையிலிருந்து எடுப்பது என்றால் பெரும்பாலும் புதிதாக வாங்க முடியாது என்றுதான் அர்த்தம், ஏற்கெனவே வாங்கியவர் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஃபோர்ஸாவில் அப்படித்தான். நின்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று தன் பழைய கருவிகளான வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் ஆன்லைன் கடைகளை மூடியபோதும் வாங்கியதை இறக்க வழி வைத்தார்கள். பி.டி. ஒரு விதிவிலக்கு. ஆனால் அந்த வழி எத்தனை வருடத்துக்குத் திறந்திருக்கும் என்பது நம் கையில் இல்லை.

சரி, டிஸ்க் வாங்கினால் இந்தக் கவலை இல்லையா? இங்கேதான் டிஸ்க் ரசிகர்களோடு நான் முரண்படுகிறேன். 2022-ல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்தது ஏறத்தாழ 70 எம்பி. நூறு ஜிபி கொள்ளும் வட்டில் 70 எம்பி! மீதி எல்லாம் டவுன்லோடு. அது டிஸ்க் இல்லை, டிஸ்க் வடிவில் ஒரு சாவி. த க்ரூ என்ற யுபிசாஃப்ட் பந்தயக் கேம் 2014-ல் டிஸ்க்காகவும் விற்றது. எப்போதும் இணையம் வேண்டும் என்பதால் 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வைத்திருந்தவரும் டிஜிட்டல் வாங்கியவரும் ஒரே நிலைமைக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்பவர் கேம்களைக் கொல்லாதீர்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துகள் சேர்ந்தன. சோனியின் கான்கார்ட் என்ற ஆன்லைன் கேமின் கதை இன்னும் மோசம், 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம், டிஸ்க் கையில் இருந்து ஒரு பயனும் இல்லை.

டிஸ்க்கில் முழு கேம் இருந்தாலும் அது எந்த கேம் என்று பார்க்க வேண்டும். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 பிஎஸ்4-ல் எவ்வளவு பிழைகளோடு வந்தது என்பது ஊரறிந்த கதை, சோனியே அதைத் தன் ஸ்டோரிலிருந்து ஆறு மாதம் எடுத்து வைத்திருந்தது. அந்த முதல் டிஸ்க்கில் பத்திரமாக இருப்பது அந்தப் பிழைகள்தான். சரிசெய்த கேம் வேண்டுமென்றால் இணையத்திலிருந்து அப்டேட் இறக்க வேண்டும். அப்டேட் கொடுக்கும் சர்வர் ஒருநாள் நின்றால் மிஞ்சுவது முதல் நாள் கேம்.

ஆக என் கணிப்பு இது. ஒற்றை ஆள் விளையாடும் கதைக் கேம்கள், முக்கியமாக சோனியின் சொந்த ஸ்டுடியோக்கள் செய்தவை, பெரும்பாலும் டிஸ்க்கிலிருந்தே முழுசாக ஓடும். அவற்றுக்கு டிஸ்க் வாங்குவதில் அர்த்தம் உண்டு. எப்போதும் ஆன்லைனில் இருக்கும் கேமுக்குப் பாதுகாப்புக் கருதி டிஸ்க் வாங்குவது வீண். அதற்கும் டிஸ்க் வாங்கலாம், ஆனால் திரும்ப விற்கத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2013-ல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் ஆஜராக வேண்டும், டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு என்று அறிவித்தது. உடனே சோனி சில நொடிகளே ஓடும் ஒரு வீடியோவைப் போட்டது: பிஎஸ்4 கேமை நண்பரோடு பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறார், அவ்வளவுதான். உலகமே சிரித்தது. அந்த மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அதே சோனி 2024 நவம்பரில் 699 டாலர் விலைக்குக் கொண்டுவந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே இல்லை. வேண்டுமென்றால் இன்னொரு 80 டாலர். அவர்களைச் சொல்லியும் பயனில்லை, சோனி விற்கும் முழு கேம்களில் பத்தில் ஏழுக்கும் மேல் இப்போது டிஜிட்டல்தான்.

இணையம், இடம், வீட்டில் எத்தனை பேர்

நூறு ஜிபி கேமை இறக்க, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் சொன்ன வேகத்தில் ஓடினால் இரண்டே கால் மணி நேரம். 40 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை மணி. சென்னை, கோவையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஃபைபர் எட்டாத கிராமத்தில், ஒரு நாளுக்கு இரண்டு ஜிபி தரும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவருக்கு அதே கேம் ஐம்பது நாள் வேலை. அவருக்கு விவாதமே வேண்டாம், டிஸ்க் மாடல்தான். பெரிய அப்டேட்டுக்கு மட்டும் இணையம் தேடினால் போதும்.

டிஸ்க் வாங்கினால் கன்சோலில் இடம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. பிஎஸ்5 டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஓட்டுவதில்லை, எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் நகலெடுத்துக்கொண்டுதான் ஓட்டும். முதலில் வந்த மாடலில் நமக்குக் கிடைத்த இடமே 667 ஜிபிதான். டிஸ்க்கின் வேலை, மறுபடி ஏற்றும்போது டவுன்லோடு நேரத்தை மிச்சப்படுத்துவது. ஏற்றிய பிறகும் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் டிஜிட்டல்தான் சுகம், சோபாவை விட்டு எழ வேண்டாம்.

அண்ணன் தம்பி இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பிஎஸ்5 இருந்தால் டிஜிட்டல் பக்கம் தராசு சாயும். ஒருவர் அக்கவுண்ட்டில் வாங்கிய கேமை, அவர் அந்த அக்கவுண்ட்டுக்கு முதன்மையாகப் பதிந்து வைத்த கன்சோலில் வீட்டில் யார் வேண்டுமானாலும் விளையாடலாம், அதே நேரம் அவர் தன் கணக்கோடு இன்னொரு கன்சோலில் விளையாடலாம். ஒரு கேம் வாங்கி இரண்டு இடத்தில் ஓட்டும் இந்த வசதி டிஸ்க்கில் கிடையாது. இதையே வியாபாரமாக்கி, பிரைமரி அக்கவுண்ட், செகண்டரி அக்கவுண்ட் என்று முன்பின் தெரியாதவர்களுக்குப் பாதி விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். விதிமுறைக்குப் புறம்பானது, பாஸ்வேர்டு மாறினால் கேட்க நாதியில்லை.

வீட்டில் பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் பத்து இருபது இருந்தால் கணக்கு உடனே முடிந்துவிடும். டிரைவ் உள்ள பிஎஸ்5 அவற்றை எடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் மாடல் வாங்கினால் அவை வெறும் பிளாஸ்டிக்.

இலங்கையில் கணக்கு வேறு

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும் வாசகருக்கு இந்தக் கட்டுரையின் இந்திய விலைகள் பொருந்தாது, கேள்வியே வேறு. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அதிகாரப்பூர்வமாக இயங்கும் நாடுகளில் இலங்கை இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கணினி கேமுக்கு பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி சொன்னபோது, அந்த வசதி இல்லாத 177 இடங்களில் ஸ்டீம் விற்பனை நின்றது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அங்கே கன்சோல் வைத்திருப்பவர்கள் வேறு நாட்டுக் கணக்கைத் திறந்து, அந்த நாட்டு கிஃப்ட் கார்டு வாங்கித்தான் டிஜிட்டல் கேம் எடுக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க் என்றால் கடைக்காரரிடம் வாங்கிப் போட்டால் ஓடும், பிஎஸ்5 டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிறகு வரும் கூடுதல் பகுதிகளை ஸ்டோரில் வாங்கினால், டிஸ்க் எந்த நாட்டுத் தொகுதிக்காக வெளியிடப்பட்டதோ அதே தொகுதியின் கணக்கில் வாங்கியிருந்தால்தான் பொருந்தும். அமெரிக்க டிஸ்க்கும் ஐரோப்பியக் கணக்கும் ஒட்டாது.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கணினியில் இந்தத் தேர்வு எப்போதோ முடிந்துவிட்டது. 2004-ல் ஹாஃப்-லைஃப் 2 டிஸ்க் வாங்கியவரே ஸ்டீமில் பதிந்தால்தான் விளையாட முடிந்தது. கணினி கேம் சொந்தமாக வேண்டும் என்பவர் ஜிஓஜி கடையில் வாங்கி, இன்ஸ்டாலரை ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பூட்டு கிடையாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ல் டிரைவ் இல்லை, அதை கேம் பாஸ் என்ற மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவுக்கான பெட்டி என்று நினைத்து வாங்குங்கள். நின்டெண்டோ கேம்கள் லேசில் விலை குறையாதவை, அதனால் கார்ட்ரிட்ஜுக்கு மறுவிற்பனை மதிப்பு நன்றாக நிற்கும். ஆனால் 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ல் கேம்-கீ கார்டு என்ற ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அட்டைக்குள் கேம் இருக்காது, முதல்முறை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்தில் குறிப்பு இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது

வருடம் முழுக்க ஒரே ஆன்லைன் கேம், எப்போதாவது சேலில் ஒன்றிரண்டு, வீட்டில் நல்ல ஃபைபர், பழைய டிஸ்க் எதுவும் இல்லை என்பவர் டிஜிட்டல் மாடலை எடுத்துக்கொண்டு அந்தப் பத்தாயிரத்துக்கு கேம் வாங்கலாம். கதைக் கேம்களை ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிறவர், கிராமத்து இணையத்தில் இருக்கிறவர், பிஎஸ்4-லிருந்து மாறுகிறவர் எல்லாருக்கும் டிஸ்க் மாடல்தான். டிரைவ் இருந்தாலும் சேலில் டிஜிட்டல் வாங்க யாரும் தடுக்கப் போவதில்லை. டிரைவ் இல்லாதவருக்குத்தான் ஒரு வாசல் அடைபடுகிறது.

ஸ்லிம் மாடலில் டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகு மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியும், மாட்டும்போது ஒருமுறை இணையத்தில் பதிய வேண்டும். ஆனால் ஸ்லிம் வந்தபோது அமெரிக்காவில் இரண்டு மாடலுக்கும் விலை வித்தியாசம் 50 டாலர், தனி டிரைவின் விலை 80 டாலர். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் டிஜிட்டல் எடுப்பதற்கு முன் தனி டிரைவ் உங்கள் ஊரில் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும்போது கீறலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், முடிந்தால் விற்பவரின் கன்சோலிலேயே போட்டு இன்ஸ்டால் ஆரம்பிக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். டீலக்ஸ் எடிஷன் என்று கூடுதல் விலை கேட்டால் தர வேண்டாம். கூடுதலாக வருவது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் அச்சிட்ட டவுன்லோடு குறியீட்டு எண்தான், அதை முதலில் வாங்கியவர் எப்போதோ தன் கணக்கில் தட்டியிருப்பார்.